குருமனையிலிருந்து ஓடிப்போன பிள்ளைகள்

நவீன உளவியலின் பெரிய மனிதர்களையெல்லாம் வரிசையில் நிற்கவைத்து, பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்தில் வருகிற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: தகப்பனார் தொழில் என்ன? 1879இல் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்றே முதல் ஆய்வுக்கூடம் திறந்த வில்ஹெல்ம் வுண்ட், ‘லூத்தரன் போதகர்’ என்று எழுதுவார். அவருக்குப் பாதை போட்டுக்கொடுத்த ஃபெக்னரும் ‘போதகர்’ என்றுதான் எழுதுவார். நாய் புகழ் பாவ்லோவ், ‘ஆர்த்தடாக்ஸ் பாதிரியார்’. கார்ல் யுங் ‘போதகர்’ என்று எழுதிவிட்டு, அம்மா வழியில் ஆறு பேர், அப்பா வழியில் இரண்டு பேர் என்று இன்னும் எட்டுப் போதகர்களைச் சேர்க்கப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்புவார். அமெரிக்காவின் ஜான் வாட்சனுடைய அப்பா குடித்துவிட்டு வீட்டைவிட்டே போனவர். அம்மாவோ பிள்ளைக்கு ஒரு பாப்டிஸ்ட் பிரசங்கியாரின் பெயரை வைத்து, அவனை ஊழியத்துக்கு நேர்ந்துவிட்டிருந்தார். கார்ல் ரோஜர்ஸ் இறையியல் கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர்.

போதகர் ஐயர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் சபைகளில் இருக்கிற அபிப்பிராயம் ஊரறிந்தது. சேகரத்திலேயே சேட்டை அதிகம் குருமனையில்தான். ஆகவே உளவியல் வரலாறு என்று பாடப்புத்தகங்கள் சொல்வதைக் குருமனையிலிருந்து ஓடிப்போன பிள்ளைகளின் கதையாகத்தான் நான் படிக்கிறேன். போகிறபோது வெறுங்கையோடு போகவில்லை. ஒருவர் பாவசங்கீர்த்தனத்தைத் தூக்கிக்கொண்டார், ஒருவர் நரகத்தை, இன்னொருவர் கிருபையை. ஆண்டவரை மட்டும், பாரம் அதிகம் என்று, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்த ஓட்டம் எப்படித் தொடங்கும் என்பதற்கு ஸ்டான்லி ஹால் நல்ல சாட்சி. 1860களின் கடைசியில் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் படித்தார். மாணவர் மாதிரிப் பிரசங்கம் செய்ய வேண்டும், முடிந்ததும் பெரியவர் குற்றங்குறை சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஹால் பிரசங்கம் செய்து முடித்தார். பெரியவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலில் நின்று, இந்தப் பையனின் ஆத்துமாவுக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாராம். பல பிரசங்கங்களின் முடிவில் நானும் மனசுக்குள் இதைச் செய்ததுண்டு. வாய்விட்டுச் செய்ய ஒரு நெஞ்சுரம் வேண்டும். ஹால் குறிப்பறிந்து விலகினார். 1878இல் உளவியலில் அமெரிக்காவின் முதல் டாக்டர் பட்டம் வாங்கினார், கிளார்க் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார், 1909இல் ஃப்ராய்டையும் யுங்கையும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு வரவழைத்தார். இவ்வளவும் செய்துவிட்டு 1917இல் இரண்டு பாகத்தில் ஒரு தடிப் புத்தகம் வெளியிட்டார். யாரைப் பற்றி? இயேசு கிறிஸ்துவைப் பற்றி.

ஃப்ராய்ட் குருமனைப் பிள்ளை இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான். அப்பா கம்பளி வியாபாரம், யூதர், பக்தியெல்லாம் ஓரளவுக்குத்தான். ஆனால் மொராவியாவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு கத்தோலிக்க ஆயா இருந்தாள். அவள் சிக்மண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கோவில் கோவிலாகப் பூசைக்குப் போனாள். இரண்டரை வயதுப் பையன் வீட்டுக்கு வந்து ஆண்டவர் என்னென்ன செய்வார் என்று வீட்டாருக்குப் பிரசங்கம் செய்தான். பிறகு ஆயா திருடிவிட்டாள் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். சொர்க்கம், நரகம் எல்லாவற்றையும் முதலில் சொல்லிக்கொடுத்தவள் ஒரே நாளில் காணாமல் போனாள். இதே கதையோடு வேறொருவர் வந்து ஃப்ராய்டின் சோபாவில் படுத்திருந்தால், அவருடைய கடவுள் மறுப்புக்குக் காரணம் கண்டுபிடிக்க ஃப்ராய்டுக்கு அரைமணி நேரம் போதும். தன் விஷயத்தில் மட்டும் அது அறிவியல்.

சோபாவுக்கு வருவோம். வியன்னாவில் பெர்க்காஸே 19ஆம் எண் வீடு. நோயாளி மேலே பார்த்துப் படுத்திருக்க, டாக்டர் அவர் தலைமாட்டில், கண்ணில் படாத இடத்தில், சுருட்டும் கையுமாக. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பிறர் தன்னை முறைத்துப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று இந்த ஏற்பாட்டுக்கு அவரே காரணம் எழுதியிருக்கிறார். அவர் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்ததை ஆயாவோடு போன கோவில்களில் பாவசங்கீர்த்தன மரக்கூண்டாகப் பார்த்திருப்பார். முகம் தெரியாத ஒருவர், இந்தப் பக்கம் வாய் ஓயாமல் சொல்கிற ஒருவர், எதையும் மறைக்கக் கூடாது என்கிற கட்டளை. வித்தியாசம் கடைசிக் கட்டத்தில்தான். கூண்டுக்குள் இருக்கிறவர் கேட்டு முடித்து, மன்னிப்பு வழங்கி, இரண்டு ஜெபத்தைத் தண்டனையாகக் கொடுத்து அனுப்பிவிடுவார். கால்மணி நேரத்தில் காரியம் முடியும், காசும் கிடையாது. ஃப்ராய்டிடம் மன்னிப்பு இல்லை. மன்னிக்க ஆள் இல்லாததால் கதையை முடிக்கவும் ஆள் இல்லை. வாரத்துக்கு ஆறு நாள், மாதக்கணக்கில், கட்டணத்தோடு. கத்தோலிக்கரைப் பார்த்துப் பாவசங்கீர்த்தனம் எதற்கு என்று முகம் சுளிக்கிற எங்கள் புரொட்டஸ்டன்ட் கூட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். கூண்டைத் தூக்கி வெளியே போட்டது நாங்கள்தான். வெளியே கிடந்ததை வேறொருவர் எடுத்து மெத்தை தைத்துக்கொண்டார்.

ஃப்ராய்டின் கூட்டமும் சீக்கிரமே சபையாகிவிட்டது. முதலில் அட்லர் வெளியேறினார், 1911இல். பிறகு ஸ்டெக்கல். அடுத்து யுங் மீது சந்தேகம் வந்தபோது, உண்மை விசுவாசிகள் ஐந்து பேர் சேர்ந்து தலைவரைப் பாதுகாக்க ஒரு ரகசியக் குழு அமைத்தார்கள். தலைவர் ஆளுக்கொரு பழங்காலக் கல்லைக் கொடுக்க, மோதிரம் செய்து போட்டுக்கொண்டார்கள். கர்தினால்கள் தவிர மற்றெல்லாம் வந்துவிட்டது என்று சொல்லலாம். மோதிரம் வந்த பிறகு அதுவும் சொல்ல முடியாது. பாலுணர்வுக் கொள்கையை ஒருபோதும் கைவிடக் கூடாது, அதை அசைக்க முடியாத கோட்பாடாக ஆக்க வேண்டும் என்று ஃப்ராய்ட் தன்னிடம் கெஞ்சிக் கேட்டதாக யுங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். போதகரின் மகனுக்கு அந்தத் தொனி எங்கே கேட்டது என்று உடனே தெரிந்துபோனது.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளிடம் எனக்கு மனப்பூர்வமான மரியாதை உண்டு. சூரிக் நகரில் ஆஸ்கர் ஃபிஸ்டர் என்று ஒரு போதகர். சபையை விடாமல், அங்கியைக் கழற்றாமல், ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வைக் கற்றுக்கொண்டு தன் சபை வாலிபர்களுக்குப் பயன்படுத்தினவர். 1909இல் ஃப்ராய்ட் வீட்டுக்குப் போனபோது, ஜெபம் என்ற சத்தமே கேட்டிராத அந்த வீட்டில் அவர் வேற்றுக் கிரகத்து மனுஷனாகத் தெரிந்தார் என்று மகள் அன்னா பிற்பாடு எழுதினார். பிள்ளைகளோடு இவர் விளையாடிய விளையாட்டில் பிள்ளைகள் இவரை விடவில்லை. பக்திமான்கள் இத்தனை பேர் இருக்க, பகுப்பாய்வைக் கண்டுபிடிக்க கடவுளே இல்லாத ஒரு யூதன்தான் வரவேண்டியிருந்ததா என்று ஃப்ராய்ட் அவரைக் கடிதத்தில் சீண்டினார். ஃபிஸ்டர் அசரவில்லை. உம்மைவிட நல்ல கிறிஸ்தவன் கிடையாது என்று பதில் போட்டார். இதைவிட நாத்திகனைக் கடுப்பேற்ற வேறு வழி இருக்கிறதா? 1927இல் ஃப்ராய்ட், மதம் என்பது அப்பாவைத் தேடும் குழந்தையின் ஆசைக் கற்பனை என்று ‘ஒரு மாயையின் எதிர்காலம்’ எழுதினார். மறுவருஷமே ஃபிஸ்டர் தலைப்பைத் திருப்பிப் போட்டு ‘ஓர் எதிர்காலத்தின் மாயை’ என்று மறுப்பு எழுதினார். அதை வெளியிட்டது ஃப்ராய்டே நடத்திய பத்திரிகை. அறிவியல் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் என்று நம்புகிறீரே, அது யாருடைய ஆசைக் கற்பனை என்பதுதான் ஃபிஸ்டரின் கேள்வி. இருவரும் முப்பது வருஷம், ஃப்ராய்ட் 1939இல் லண்டனில் இறக்கிறவரை, நண்பர்கள். சபைக் கமிட்டித் தேர்தலில் எதிர்த்து நின்ற இரண்டு பேர் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதையே நான் அதிகம் பார்த்ததில்லை.

யுங்குக்கும் ஃப்ராய்டுக்கும் அப்படி அமையவில்லை. 1907 மார்ச்சில் முதல் சந்திப்பு. பதின்மூன்று மணி நேரம் விடாமல் பேசினார்கள். ஃப்ராய்ட் அவரைப் பட்டத்து இளவரசர் ஆக்கினார். இளவரசர் எதிரே உட்கார்ந்து பேசப் பேச ராஜா மயங்கி விழ ஆரம்பித்தார்: 1909இல் பிரெமனில் ஒரு தடவை, 1912இல் மியூனிக்கில் ஒரு தடவை. இரண்டாம் முறை யுங்கே தூக்கிக்கொண்டு போய்ச் சோபாவில் கிடத்தினார். சோபாவில் படுக்கிற முறை அன்றைக்கு மாறிவிட்டது. அடுத்த வருஷம் உறவு முறிந்தது.

யுங்கின் சங்கதி அதற்கு முன்பே, பன்னிரண்டாம் வயதில், பாசல் பேராலயத்தின் முன்னால் ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வருகிறான். வெயிலில் ஆலயத்தின் புதுக்கூரை பளபளக்கிறது. எவ்வளவு அழகு, இதையெல்லாம் படைத்து ஆண்டவர் மேலே பொன் சிங்காசனத்தில் வீற்றிருக்கிறார் என்று பையன் நினைக்க, அதற்குமேல் ஒரு நினைவு வரப்பார்க்கிறது. அது மன்னிக்கப்படாத பாவம் என்று பயந்து அடக்குகிறான். இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. மூன்றாம் ராத்திரி, ஆதாம் ஏவாளையே பாவம் செய்யும்படி படைத்தவர் அவர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, வருவது வரட்டும் என்று விட்டுவிடுகிறான். சிங்காசனத்தின் கீழிருந்து பிரமாண்டமான ஒரு மலக்கட்டி விழுந்து ஆலயத்தின் புதுக்கூரையை உடைத்து நொறுக்குகிறது. பையனுக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது. கிருபை என்பதை அன்றுதான் அனுபவித்தேன் என்று கிழவரான பிறகு எழுதினார். ஆலயக் கட்டட நிதிக்கு வீடுவீடாக ரசீதுப் புத்தகத்தோடு அலைந்த எவருக்கும் இந்தத் தரிசனம் உடனே புரியும்.

இந்தப் பையனுக்கு அவன் அப்பாவே திடப்படுத்தல் வகுப்பு எடுத்தார். வகுப்பு முழுக்கக் கொட்டாவி. திரித்துவம் என்ற பாடம் மட்டும் எப்போது வரும் என்று காத்திருந்தான். மூன்று எப்படி ஒன்றாகும் என்பது அவனுக்கு உள்ளபடியே தெரிய வேண்டியிருந்தது. பாடம் வந்தது. இது எனக்கே விளங்கவில்லை, இதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவோம் என்று அப்பா பக்கத்தைத் திருப்பிவிட்டார். நேர்மையான மனுஷர். ஆனால் அந்த ஒரு பக்கத்துக்கு உலகம் கொடுத்த விலை, யுங்கின் தொகுப்பு நூல்கள் இருபதுக்கு அருகில். மூன்றே விளங்கவில்லை என்று அப்பா விட்ட இடத்தில் மகன் நான்காவது ஒன்றையும் சேர்த்தார். 1950இல் மரியாள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதைப் போப்பாண்டவர் கோட்பாடாக அறிவித்தபோது, புரொட்டஸ்டன்ட் போதகர் மகனான யுங் அதைச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நடந்த மிகப் பெரிய மத நிகழ்ச்சி என்று கொண்டாடினார். 1952இல் ‘யோபுக்குப் பதில்’ எழுதி, அந்த வழக்கில் யோபு பக்கமே நியாயம் என்று ஆண்டவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார். அதற்கு முன்பே, 1937 கடைசியில், இந்தியாவுக்கும் வந்தார். திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்க்கவில்லை. சாமியார்களை வேண்டுமென்றே தவிர்த்தேன் என்றார். ரமணரைப் பற்றி நண்பர் ஸிம்மர் எழுதிய நூலுக்கு மட்டும் பிற்பாடு முன்னுரை எழுதினார். எட்டுப் போதகர்களுக்கு நடுவே வளர்ந்தவருக்கு இன்னொரு குருவைப் பார்க்கத் தெம்பு இல்லாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

இந்த ஆத்துமா, கனவு, தரிசனம் எல்லாம் வேண்டாம், கண்ணில் படுவதை மட்டும் பேசுவோம் என்று கிளம்பியவர்கள் நடத்தையியல்காரர்கள். பாவ்லோவ் ரியாசான் நகரில் பாதிரியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1870இல் அதை விட்டுப் பீட்டர்ஸ்பர்க் போனார். நாய்களின் வயிற்றிலிருந்து இரைப்பை நீரை எடுத்து, அஜீரணத்துக்கு மருந்தாகப் பாட்டிலில் அடைத்து விற்று ஆய்வுக்கூடத்துக்கு வருமானம் பார்த்தார் என்பது பாடப்புத்தகத்தில் வராத செய்தி. சாமி நம்பிக்கை போய்விட்டது, ரோஷம் போகவில்லை. 1924இல் சோவியத் அரசு, பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளை ராணுவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியேற்றியபோது, நானும் பாதிரியார் மகன்தான் என்று சொல்லிப் பதவியை எறிந்துவிட்டு வெளியே வந்தார். ஓடிப்போன பிள்ளைகளில் அப்பா பெயரைச் சந்தையில் காப்பாற்றினவர் இவர் ஒருவர்தான்.

வாட்சன் இந்த ரகம் இல்லை. அம்மா எம்மா, தென் கரோலினாவில் குடி, புகை, நடனம் எதற்கும் இடம் கொடுக்காத பாப்டிஸ்ட். மகன் பிரசங்கியார் ஆவான் என்று வாக்கு வாங்கியிருந்தார். 1900இல் அம்மா இறந்தார். அதே வருஷம் மகன் சிகாகோவுக்கு ரயிலேறினான். 1913இல் அவர் விடுத்த அறிக்கையின் சாரம்: மனம், உணர்வு, உள்ளே நடப்பது என்று எதுவும் பேசாதீர்கள், தூண்டுதலும் அதற்கு எதிர்வினையும் மட்டுமே உண்மை. ஆத்துமா இல்லை என்று வாட்சன் சொன்னதில்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. சின்ன வயதில் ஓர் ஆயா, இருட்டில் பிசாசு நிற்கிறான் என்று பயமுறுத்தியதில், இந்த மனுஷர் ஆயுள் முழுக்க இருட்டுக்குப் பயந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாதவர் விளக்கை அணைக்கப் பயப்படுவானேன்?

1920இல் வெளியான அவருடைய பரிசோதனையை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆல்பர்ட் என்று பெயர் கொடுக்கப்பட்ட பதினொரு மாதக் குழந்தை. வெள்ளை எலியைக் கண்டால் சிரித்துக் கை நீட்டும். அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் ஓர் இரும்புத் தண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில நாளில் எலியைக் கண்டாலே குழந்தை வீறிட்டது. பிறகு முயலுக்கும் நாய்க்கும் ரோமக் கோட்டுக்கும் பயந்தது. கடைசியாக வாட்சன் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு குழந்தை முன்னால் போனார். வெள்ளைத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடி. குழந்தை அதற்கும் அழுதது. ஊழியத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட பிள்ளை கடைசியில் கிறிஸ்துமஸுக்காகச் செய்த சேவை இதுதான். உண்டாக்கின பயத்தை எடுத்துவிடாமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். அதே வருஷம் உதவியாளர் ரோசலி ரேனரோடு ஏற்பட்ட உறவு பத்திரிகைகளில் நாறி, பல்கலைக்கழகம் வாட்சனை வெளியே அனுப்பியது. அவர் விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து காபித்தூள் விற்கப் பழகி, நாலே வருஷத்தில் துணைத் தலைவரானார். 1928இல் குழந்தை வளர்ப்பு நூல் எழுதினார்: பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள். எம்மாவின் வீட்டுச் சட்டங்களைவிட இவை எந்த விதத்தில் தளர்வானவை என்று எனக்குத் தெரியவில்லை. எம்மாவாவது ராத்திரியில் ஜெபித்திருப்பார்.

நடத்தையியலில் வாட்சனுக்கு அடுத்துப் பெயரெடுத்த ஸ்கின்னருக்கு நரகத்தைக் காட்டியது பாட்டி. அடுப்பில் கனன்ற கரியைக் காட்டி, பொய் சொன்னால் இங்கேதான் போவாய் என்றார். தண்டனை மனிதனைத் திருத்தாது, வெகுமதிதான் திருத்தும் என்று பேரன் வாழ்நாள் முழுக்க நிரூபித்துக்கொண்டிருந்ததற்கு அந்த அடுப்புதான் பிள்ளையார் சுழி என்பது என் ஊகம். இரண்டாம் உலகப் போரில் புறாக்களைக் குண்டின் மூக்கில் உட்காரவைத்து, இலக்கைக் கொத்திக் கொத்தி வழிகாட்டப் பழக்கினார். அதிகாரிகள் சிரித்துவிட்டுத் திட்டத்தை மூடினார்கள். 1948இல் இன்னொன்று செய்தார். பசித்த புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை தீனி விழும். புறாக்கள் ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன: ஒன்று இடப்பக்கமாகச் சுற்றியது, ஒன்று தலையை மூலையை நோக்கி ஆட்டியது, ஒன்று ஊசலாடியது. தன் சடங்கால்தான் தீனி வருகிறது என்று புறா நம்புகிறது. மூடநம்பிக்கை பிறப்பது இப்படித்தான் என்றார் ஸ்கின்னர். உபவாசக் கூடுகையின் முதல் வரிசையை நினைத்து நானும் சிரித்தேன். ஆனால் 1971இல் வேறிருவர் பொறுமையாகத் திரும்பச் செய்து பார்த்தபோது, தீனி நேரம் நெருங்க நெருங்க எல்லாப் புறாக்களும் ஏறக்குறைய ஒரே காரியத்தைத்தான் செய்தன. சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற புறா செய்வதை அவை செய்திருக்கின்றன, அவ்வளவுதான். அசனப் பந்தி திறப்பதற்கு முன் ஆலய வளாகத்தில் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் ஸ்கின்னருக்கு இந்தச் சிரமமே இருந்திருக்காது.

கார்ல் ரோஜர்ஸ் வீட்டில் சீட்டாட்டம் இல்லை, நாடகம் இல்லை, நடனம் இல்லை. முதன்முதலில் ஒரு பாட்டில் சோடா குடித்தபோதே ஏதோ பாவம் செய்கிற உணர்வு வந்தது என்று எழுதியிருக்கிறார். 1922இல் உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்குப் பீக்கிங் போனார். 1924இல் ஹால் படித்த அதே யூனியன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மாணவர்கள், ஆசிரியரே இல்லாமல் நாங்களே பேசி எங்கள் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு வகுப்பு கேட்டார்கள். கல்லூரியும் கொடுத்தது. பேசிப் பேசி அதில் பெரும்பாலோர் ஊழியத்தைவிட்டே பேசி வெளியேறிவிட்டார்கள். ரோஜர்ஸ் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் இருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்குப் போனார். குருமனையிலிருந்து ஓடியவர்களிலேயே குறைந்த தூரம் ஓடியவர் இவர்: பிராட்வே தெருவின் அகலம்.

அவர் தூக்கிக்கொண்டு போனது கிருபையை. வருகிறவரைத் திருத்தாதே, தீர்ப்பு சொல்லாதே, நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள். அவன் தானே மலர்வான். கேட்க எவ்வளவு இதம். எங்கள் ஞானப்பாட்டுகளில் உள்ளதும் இதுதான், ஒரு சிலுவை மட்டும் குறைகிறது. அந்தக் குறைவால் என்ன ஆகும் என்பதைக் கன்னியர் மடம் ஒன்று பார்த்துவிட்டது. 1960களின் பின்பாதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பள்ளிக்கூடங்கள் நடத்திய மாசற்ற இருதய மரியாளின் சபைக் கன்னியர், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்ன புதுப்பித்தலுக்காக ரோஜர்ஸையும் அவருடைய உதவியாளர் கூல்சனையும் கூப்பிட்டார்கள். வட்டமாக உட்கார்ந்து, மனசில் உள்ளதை மறைக்காமல் சொல்லும் குழுக் கூட்டங்கள். நன்றாகத்தான் சொன்னார்கள். 1970க்குள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வார்த்தைப்பாட்டைவிட்டு வெளியேறி, தனிப் பொதுநிலைச் சமூகமாகிவிட்டார்கள். எல்லாப் பழியையும் ரோஜர்ஸ் தலையில் போடக் கூடாது. கர்தினால் மெக்கின்டயர் என்று ஒருவர் அங்கே இருந்தார். கன்னியரின் உடுப்பு எத்தனை நீளம், எத்தனை மணிக்கு ஜெபம், எத்தனை மணிக்குப் படுக்கை என்பதெல்லாம் தன் அனுமதியோடுதான் என்று மல்லுக்கு நின்றவர். ஒரு பக்கம் எதையும் கேட்காத கர்தினால், மறுபக்கம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்கிற டாக்டர். நானாக இருந்தாலும் டாக்டர் பக்கம்தான் சாய்ந்திருப்பேன். பிற்பாடு கூல்சன் மனம் திரும்பி, நாங்கள்தான் அந்தச் சபையைக் குலைத்தோம் என்று ஊர் ஊராகச் சாட்சி சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவ அறிக்கை இல்லாத சிகிச்சையை நடத்தியவர், கடைசியில் பாவ அறிக்கையைத்தான் தொழிலாகவே எடுத்துக்கொண்டார்.

இந்தச் சமயத்தில் பாவம் என்ற சொல்லை வெளியே ஒருவர் சத்தமாகச் சொன்னார். போதகர் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக 1954இல் இருந்த ஹோபர்ட் மௌரர். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைகளுக்காக, ஈரம் பட்டதும் மணியடிக்கும் விரிப்பை மனைவியோடு சேர்ந்து செய்து 1938இல் வெளியிட்டவர். தலைவர் பதவி ஏற்கப் போகிற நேரத்தில் மனச்சோர்வு முற்றி மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். எழுந்து வந்து சொன்னது: இத்தனை வருஷம் பொய்யான குற்ற உணர்ச்சி என்று நாம் துடைத்துப் பார்த்தது போகவில்லை, காரணம், பல சமயம் குற்றம் நிஜமாகவே செய்யப்பட்டிருக்கிறது. மறைத்துவைத்ததை, யாருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்தோமோ அவரிடமே போய்ச் சொன்னால்தான் குணம். போதகர்கள் நெளிந்தார்கள். அவர்கள் அப்போதுதான் ஃப்ராய்டை ஒருவழியாகப் படித்து முடித்து, பாவம் என்ற சொல்லைப் பிரசங்கத்திலிருந்து நாகரிகமாக எடுத்திருந்தார்கள். சுவிசேஷ சபை, ஏசாவைப் போல, தன் சேஷ்டபுத்திர பாகத்தை உளவியல் கூழுக்கு விற்றுவிட்டதா என்று 1961இல் மௌரர் கேட்டார். ஏசாவை எங்களுக்கு ஞாபகப்படுத்த ஓர் உளவியல் பேராசிரியர் வரவேண்டியிருந்தது.

அதைக் கேட்டுக் கொதித்தெழுந்தவர் ஜே ஆடம்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர். 1965 கோடையில் மௌரரோடு இருந்து பழகினார். 1970இல் புத்தகம் போட்டார்: மனநோய் என்று சொல்லப்படுவதில் உடற்கோளாறு போக மீதியெல்லாம் பாவம், வேதப் புத்தகமும் ஒரு போதகரும் போதும். நல்ல வேளை, எலியா தீர்க்கதரிசிக்கு ஆடம்ஸ் கிடைக்கவில்லை. யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற மனுஷனிடம் தூதன் வந்து பாவ அறிக்கையா கேட்டான்? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். தின்றுவிட்டு மறுபடி தூங்க விட்டான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. பேச்செல்லாம் நாற்பது நாள் கழித்து, மலையில். குருமனையில் வளர்ந்த பிள்ளைகள் ஏன் ஓடினார்கள் என்று கேட்கிற பெரியவர்கள் முதலில் அடையைச் சுட்டார்களா என்று யோசிக்க வேண்டும்.

இன்றைக்கு மருத்துவமனைகளில் அதிகம் செல்லுபடியாகிற முறை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மனசில் தானாக வந்து விழும் எண்ணத்தைப் பிடித்து, பெயர் சொல்லி, அதோடு வாதாடி விரட்டு என்பதுதான் சாரம். இதன் மூலவர்களில் ஒருவர் ஆல்பர்ட் எல்லிஸ், அப்பழுக்கற்ற நாத்திகர். பத்தொன்பது வயதில் பெண்களிடம் பேசக் கூச்சம். நியூயார்க் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்குத் தினம் போய், பெஞ்சில் தனியாக இருக்கிற பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷத்துக்குள் பேச்சுக்கொடுப்பது என்று தனக்கே உத்தரவு போட்டுக்கொண்டார். ஒரு மாதத்தில் 130 பேர். முப்பது பேர் உடனே எழுந்து போனார்கள். நூறு பேரிடம் பேசினார். சந்திக்கச் சம்மதித்தவள் ஒருத்தி, அவளும் வரவில்லை. கூச்சம் மட்டும் போய்விட்டது.

எல்லிஸுக்கு ஏறக்குறைய 1,550 வருஷத்துக்கு முன்னால் எவாக்ரியுஸ் என்று ஒருவர் இதே மருந்துக்கு நேரெதிர்ப் பாதையில் வந்தார். கருங்கடல் ஓரத்துப் போந்துவில் பிறந்தவர். அப்பா கிராமப்புறப் பேராயர், ஆக இவரும் குருமனைதான். கான்ஸ்டான்டிநோபிளில் நல்ல பேச்சாளர், அழகன். ஒரு பெரிய இடத்து மனைவிக்கும் இவருக்கும் பற்றிக்கொண்டது. பயந்துபோய்க் கனவு கண்டு, கனவிலேயே சுவிசேஷத்தின் மேல் சத்தியம் செய்து, ஊரைவிட்டு ஓடி, கடைசியில் எகிப்தின் பாலைவனத்தில் துறவியானார். ஒருவரும் வராத பூங்காவில் எல்லிஸ் கற்றதை, ஒருத்தி மனசைவிட்டுப் போகாத பாலைவனத்தில் இவர் கற்றார். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்று எண்ணினார். அதில் ஒன்று மத்தியானப் பிசாசு: துறவிக்குச் சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, மணி மூன்றாகிவிட்டதா என்று ஜன்னலை எட்டிப் பார்க்கிறான், யாராவது சகோதரர் வருகிறாரா என்று பார்க்கிறான், இந்த இடமே பிடிக்கவில்லை, அன்பு செத்துவிட்டது, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கலாமா என்று நினைக்கிறான். அலுவலகத்தில் மதியம் இரண்டரைக்கு உட்கார்ந்திருக்கிற எவரும் இதற்குச் சாட்சி சொல்லலாம். பரிகாரமாக அவர் ஒரு கையேடு எழுதினார். இந்த எண்ணம் வந்தால் வேதத்திலிருந்து இந்தப் பதிலைத் திருப்பிச் சொல் என்று, எட்டுத் தலைப்பில் 498 பதில்கள். எல்லிஸ் நடத்திய வாதாட்டம் இதேதான். எல்லிஸ் கெட்ட வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்.

எவாக்ரியுஸ் 399இல் இறந்தார். 553இல் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் ஓரிகன் என்ற பழைய இறையியலாளரின் போதனைகளோடு இவரையும் சேர்த்துச் சபித்தது. ஓடிப்போனவர்களைப் பற்றி இவ்வளவு பேசினோம். இவர் ஓடவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தார், வீடுதான் இவரைத் தூக்கி வெளியே போட்டது. கிரேக்க மூலத்தில் அந்த 498 பதில்கள் தொலைந்தே போயின; சிரியாக் மொழிக்காரர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஜெபத்தைப் பற்றி அவர் எழுதிய இன்னொரு நூலை மட்டும் துறவிகளால் விட முடியவில்லை. அட்டையில் நீலுஸ் என்ற வேறொரு நல்ல பிள்ளையின் பெயரைப் போட்டு, அடுத்த பல நூற்றாண்டுகளுக்குப் படித்துக்கொண்டே இருந்தார்கள்.